இருகட்சி முறையும் மக்களாட்சியும்: பொத்துவில் தொகுதியை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

இருகட்சி முறை உறுதியான ஆட்சியையும் தெளிவான தெரிவையும் அளிக்கின்றது என்பது பாராளுமன்ற மரபைப் போற்றுவோர் கூறிவரும் கருத்தாகும். 1956 முதல் 1977 வரை இலங்கையில் ஐக்கிய தேசியக் கட்சியும், ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் தலைமையிலான கூட்டுகளும் மாறி மாறி ஆட்சியமைத்தமை இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஆயின், ஆட்சி கைமாறுவது வேறு. அதிகாரம் மக்களிடம் சேர்வது வேறு.

முதலிற் புள்ளிவிபரங்களை நோக்குவோம். 1970ஆம் ஆண்டு ஏறத்தாழ 38 வீத வாக்குகளைப் பெற்ற ஐ.தே.க. 17 ஆசனங்களையே பெற்றது. இடதுசாரிகளுடன் தொகுதிகளைப் பங்கிட்டுக் கொண்ட சுதந்திரக் கட்சியோ ஏறத்தாழ 37 வீதத்துடன் 91 ஆசனங்களைப் பெற்றது. 1977இல் நிலைமை தலைகீழாயிற்று. ஏறத்தாழ 51 வீத வாக்குகள் ஐ.தே.க.வுக்கு 168 ஆசனங்களில் 140ஐ ஈட்டிக்கொடுத்தன. 30 வீதமளவில் வாக்குப்பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்களே எஞ்சின. மரபுவழி இடதுசாரிக் கட்சிகளுக்கு ஒன்றுதானும் கிட்டவில்லை. தேர்தல் முறை பெருக்கிக் கொடுத்த இப்பெரும்பான்மையே 1978இன் அரசியல் யாப்பை ஆக்கியது. 1982 டிசெம்பரில், பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பை நடத்தித் தன் ஆயுளையும் நீடித்துக்கொண்டது.

தனி அங்கத்தவர் தொகுதியின் குறைபாட்டை அம்முறையை வகுத்தோரும் உணர்ந்திருந்தனர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் பொத்துவில், 1976இன் தொகுதி நிர்ணயத்தில் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக்கப்பட்டது அதனாலேயே. 1977இல் அங்கு ஐ.தே.க.வினர் ஒருவரும் தமிழர் விடுதலைக் கூட்டணியின் கனகரத்தினமும் தெரிவாயினர். ஆயின் அவ்வாண்டு முடியுமுன்னரே கனகரத்தினம் அரசாங்கக் கட்சிக்கு மாறினார். பிரதிநிதித்துவம் கிடைத்த இடத்திலும் ஆளுங்கட்சியின் ஈர்ப்பு எத்துணை வலியது என்பதை இது புலப்படுத்தும்.

முஸ்லிம் மக்களும் நெடுங்காலம் இவ்விரு பெருங்கட்சிகளின் ஊடாகவே பாராளுமன்றம் புகவேண்டியிருந்தது. விகிதாசார முறையின் கீழ் வெட்டுப்புள்ளி 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைக்கப்பட்டதன் பின், 1989இல் எம். எச். எம். அஷ்ரப் தலைமையிலான ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் 4 ஆசனங்களைப் பெற்றது. இது மறுக்கவியலாத முன்னேற்றமாகும். எனினும், கிடைத்த பேரம்பேசும் வலு அமைச்சுப் பதவிகளாக மாறிய அளவுக்கு, கடற்றொழிலாளரும் வயற்கூலிகளும் முடிவெடுக்கும் வலுவாக மாறவில்லை.

அறுகம்பே இதற்குக் கண்கூடான உதாரணமாகும். 2004 ஆழிப்பேரலையின் பின்னர், சுதந்திரக் கட்சித் தலைமையிலான அரசு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடமைப்பதைத் தடைசெய்தது. சுற்றுலா விடுதிகளுக்கோ விலக்களிக்கப்பட்டது. பாதுகாப்பு என்பதே கூறப்பட்ட காரணம். கரையைவிட்டு அகல மீனவர் மறுத்தனர். தடை பின்னர் தளர்த்தப்பட்டதாயினும், அவர்கள் எக்கட்சிக்கு வாக்களித்திருப்பின் இத்திட்டத்தைத் தவிர்த்திருக்கலாம்? முந்திய ஐ.தே.க. அரசும் தனியார் முதலீட்டையே வளர்ச்சியின் வழியாகக் கொண்டிருந்தது. போட்டி ஆட்சிக்காகவே இருந்தது. கரை யாருக்குரியது என்பதில் இரு கட்சிகளுக்குமிடையே அடிப்படை வேறுபாடு இருக்கவில்லை.

எனவே, கட்சிகள் இரண்டா பலவா என்பது மட்டும் மக்களாட்சியின் அளவுகோலாகாது. அவ்விரு கட்சிகளின் ஆதிக்கம் தகர்ந்துவிட்டதெனினும் அடிப்படை வினா அப்படியே நிற்கின்றது: நிலம், கடல், நெல்விலை ஆகியன பற்றி, அவற்றால் வாழும் மக்கள் இரு தேர்தல்களுக்கு இடைப்பட்ட காலத்தில் தீர்மானிக்க முடிகின்றதா? அந்த உரிமைக்கான அமைப்புக்களைக் கட்டியெழுப்பாத வரையில், வாக்குரிமை ஆள்வோரைத் தெரிவுசெய்யும் உரிமையாக மட்டுமே எஞ்சும்.