நள்ளிரவு வேலை, முதல் நொடி வேலை

இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டேட்டாபேஸில் புது நெடுவரிசை ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் அதற்கென்று ஓர் இரவை ஒதுக்குவார்கள். பெரும்பாலும் சனிக்கிழமை. அப்ளிகேஷனை நிறுத்தி, முழு பேக்கப் எடுத்த பிறகுதான் டேட்டாபேஸ் நிர்வாகியான டி.பி.ஏ. தன் ஸ்கிரிப்டைத் திறப்பார். ஒவ்வொரு கட்டளையாக ஓட்டி, எத்தனை பதிவுகள் மாறின என்று திரையில் பார்த்து அடுத்ததற்குப் போவார். செய்ததையெல்லாம் பழையபடி ஆக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றும் பக்கத்தில் தயாராக இருக்கும். இன்று அதே வேலை, கன்டெய்னர் எழும் முதல் சில நொடிகளில், யாரும் பாராமல் நடந்து முடிகிறது. முடியாத நாளில்தான் பார்க்கிறோம்.

இந்த மாற்றம் மெல்ல வந்தது. 2005 வாக்கில் ரூபி ஆன் ரெயில்ஸ், டேட்டாபேஸ் மாற்றங்களையும் நிரலோடு சேர்த்து எழுதி வைக்கும் மைக்ரேஷன் முறையைப் பரப்பியது. அப்போது டேபிள்கள் எந்த நிலையில் உள்ளன என்பதை ஒரே ஓர் எண் சொன்னது. இருவர் தனித்தனியே 12ஆம் மைக்ரேஷனை எழுதிவிட்டால் மோதல்தான். 2008இல் வந்த ரெயில்ஸ் 2.1 அந்த எண்ணுக்குப் பதில் எழுதிய நேரத்தையே பெயராக்கியது. எவை ஓடின என்பதை ஒவ்வொன்றாகக் குறித்தும் வைத்தது. ஜாங்கோ 2014இல் தன் 1.7 பதிப்பில் மைக்ரேஷனை உள்ளேயே சேர்த்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு, அப்ளிகேஷனைக் கன்டெய்னரில் அடைத்து ஓட்டும் டாக்கர் வெளிவந்திருந்தது.

கிடைத்தது சிறிதல்ல. சோதனை சர்வரில் எந்த ஸ்கிரிப்ட் ஓடியது, நேரடிச் சர்வரில் எது விடுபட்டது என்பது முன்பு ஓரிருவரின் நினைவில் மட்டும் இருந்தது. அவர்கள் வேலை மாறிப் போனால் அந்த வரலாறும் போனது. இன்று புதிதாகச் சேரும் ஒருவர் ஒரே கட்டளையில் முழு அமைப்பையும் தன் மடிக்கணினியில் எழுப்பிவிடுகிறார்.

ஆனால் அன்று டேபிளை மாற்றுவதும் அப்ளிகேஷனைத் தொடங்குவதும் வேறு வேறு வேலைகள். இன்று இரண்டும் ஒரே தொடக்கத்தில் கலந்துவிட்டன. அதனால் எந்தக் கோளாறும் மைக்ரேஷன் கோளாறு போலவே தோன்றுகிறது. “கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு” என்று வந்தால், பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இன்னும் எழவில்லை என்றே பொருள். டாக்கர் கம்போஸில் வெறும் சார்பு வரி மட்டும் எழுதினால், டேட்டாபேஸ் கன்டெய்னர் தொடங்கியதும் அடுத்ததும் தொடங்கிவிடும்; அது தயாராகும் வரை காத்திருக்காது. அதற்கு நலச் சோதனை ஒன்றைத் தனியே எழுதி, அதில் தேறும் வரை காத்திருக்கும்படியும் சொல்ல வேண்டும். கடவுச்சொல் தவறு என்று வந்தால், தரவு தங்கும் வால்யூமைப் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் இமேஜ் தன் தரவு அடைவு காலியாக இருக்கும் முதல் முறை மட்டுமே கடவுச்சொல்லை அமைக்கிறது. பிறகு அமைப்புக் கோப்பில் அதை மாற்றினாலும் உள்ளே பழையதே இருக்கும். மாதக்கணக்கில் அணையாமல் ஓடிய பழைய சர்வரில் இந்தச் சந்தேகங்களுக்கே இடமில்லை.

உண்மையான மைக்ரேஷன் பிழையில்தான் இழப்பு கூர்மையாகத் தெரிகிறது. போஸ்ட்கிரெஸில் டேபிள் மாற்றங்களும் பொதுவாக டிரான்சாக்‌ஷனுக்குள் அடங்கும். நடுவில் தவறினால் எல்லாம் பின்வாங்கும். மை எஸ்க்யூஎல் அத்தகைய ஒவ்வொரு கட்டளையையும் உடனே கமிட் செய்துவிடும். ஜாங்கோவில் மூன்றாவது கட்டளையில் தவறினால் முதல் இரண்டும் டேபிளில் நிற்கும். ஆனால் மைக்ரேஷன் ஓடியதாகக் குறிப்பு ஏறாது. கன்டெய்னர் மறுபடி எழுந்து முதலிலிருந்து தொடங்கும். “ஏற்கெனவே உள்ளது” என்று விழும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் 10 நொடி, 20 நொடி, 40 நொடி என்று இடைவெளியைக் கூட்டி, 5 நிமிடம் வரை கொண்டுபோய், திரும்பத் திரும்ப எழுப்பும். காலையில் லாகைத் திறப்பவர் காண்பது அந்த இரண்டாம் பிழையை. காரணமான முதல் பிழை, முதல் கன்டெய்னரோடு போயிருக்கும்; முந்தைய ஒன்றின் லாகைக் கேட்டு வாங்கலாம், அதற்கும் முந்தையது கிடைக்காது. டி.பி.ஏ.யின் திரையில் முதல் பிழை அப்படியே நின்றது, அவரும் அங்கேயே நின்றார். லாகைக் கன்டெய்னருக்கு வெளியே சேர்த்து வைக்காத எந்த அமைப்பையும் நான் முழுமையானதாகக் கருத மாட்டேன்.

ஒருவர் ஒரு டெர்மினலில் செய்த வேலைக்குப் பூட்டு தேவைப்படவில்லை. இன்று ஒரே அப்ளிகேஷனின் மூன்று பிரதிகள் ஒன்றாக எழுந்து ஒரே மைக்ரேஷனை நோக்கி ஓடும். மைக்ரேஷன் கருவியான லிக்விபேஸ் இதற்காகவே பூட்டு டேபிள் ஒன்று வைத்திருக்கிறது. நடுவில் கன்டெய்னர் கொல்லப்பட்டால் பூட்டு விழுந்தபடியே இருக்கும், அடுத்து எழுவது அதற்காகக் காத்திருந்து தோற்கும்.

இப்போது பல குழுக்கள் மைக்ரேஷனைத் தொடக்கத்திலிருந்து பிரித்து, அப்ளிகேஷனுக்கு முன் ஒரே முறை ஓடும் தனி வேலையாக வைக்கின்றன. புது நெடுவரிசையை முதலில் சேர்த்து, பழைய நிரலும் புதியதும் சில நாள் கூடவே ஓடிய பின் பழைய நெடுவரிசையை நீக்குகின்றன. சனிக்கிழமை இரவு இதற்குத் தேவையில்லை. பகலில், பயனர் அறியாமலே முடிகிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன்.

கவலை தருவது வேறொன்று. தொடக்கம் தவறினால் வால்யூமை அழித்துவிட்டு மறுபடி எழுப்பு என்பதே இன்று பலரும் சொல்லும் முதல் யோசனை. மடிக்கணினியில் அது சரி; மைக்ரேஷன்கள் ஒன்றிலிருந்து வரிசையாக ஓடி டேபிள்களைத் திரும்பக் கட்டிவிடும். ஆனால் டேபிளின் வடிவத்தைத்தான் அவை கட்டும்; பயனர்கள் பதிந்த தரவை அல்ல. கம்போஸை இறக்கும் கட்டளையோடு வால்யூம் நீக்கும் ஒற்றை எழுத்தைச் சேர்த்தால், உறுதிதானா என்று ஒரு முறைகூடக் கேட்காமல் அது அழித்துவிடும். அந்த எழுத்தைத் தட்டும் முன் எடுக்க வேண்டிய டம்ப், சிறிய டேட்டாபேஸுக்குச் சில நிமிட வேலைதான்.