நாவு காத்த நண்பன்!

அலங்காநல்லூர் வாடிவாசலில் காளை சீறி வந்தால் பேசிப் பார்க்க முடியுமா? திமிலைத்தான் பிடிக்க வேண்டும்! ஆனால், பேச்சினால் சீற்றத்தை அடக்கும் வீடியோ விளையாட்டு ஒன்று உண்டு. கனடாவின் ‘பயோவேர்’ நிறுவனம் உருவாக்க, 2007-ல் வெளிவந்த ‘மாஸ் எபெக்ட்’தான் அது.

வீரனா, என்ஜினீயரா?

கதை 2183-ம் ஆண்டில், விண்வெளியில் நடக்கிறது. தளபதி ஷெப்பர்ட் போர்வீரனா, என்ஜினீயரா? 6 வகைகளில் ஒன்றை ஆடுபவரே தேர்ந்தெடுக்கிறார்.

நீண்டது துப்பாக்கி!

ஷெப்பர்டின் தோழன் ரெக்ஸ், வேற்றுக்கிரகவாசி. அவன் இனத்தில் குழந்தைகள் பிழைப்பது அரிது. அதற்கு மருந்து எதிரியின் கோட்டையில் இருக்கிறது. அந்தக் கோட்டையைத் தகர்க்க வேண்டும் என்கிறான் ஷெப்பர்ட். ரெக்ஸ் துப்பாக்கியை நீட்டுகிறான்!

திரையில் பதில்கள் தோன்றுகின்றன. பேசி அமைதிப்படுத்தினால் நண்பன் பிழைப்பான். முடியாவிட்டால் மாள்வான். அதே ஆட்டத்தை 2010, 2012-ல் வந்த பாகங்களில் தொடர்ந்தாலும், மாண்டவன் மீள்வதில்லை.

எந்த வகை வீரனானாலும், அங்கே நண்பனைக் காப்பது ஆயுதம் அல்ல, நாவுதான்!