உலக்கை, ஆலை, பொட்டலம்

பேரையூர்ப் பெட்டிக்கடைகளில் சரம்சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலத்துக்குத் தமிழில் சரியான பெயர் இல்லை. 'நொறுக்குத் தீனி' என்கிறோம். காராச்சேவும் நொறுக்குத் தீனிதான். ஆனால் காராச்சேவை வீட்டு அடுப்பில் செய்துவிடலாம். கடலை மாவு, மிளகாய், எண்ணெய், அவ்வளவுதான். பொட்டலத்துக்குள் இருப்பதை எந்த வீட்டிலும் செய்ய முடியாது. பிரேசிலின் கார்லோஸ் மொந்தேரோ 2009இல் முன்வைத்த உணவு வகைப்பாடு இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு சர்க்கரை என்பதை விட்டுவிட்டு, எந்த அளவுக்கு, எதற்காகப் பதப்படுத்துகிறார்கள் என்று கேட்டார் அவர். தானியத்தையும் வித்தையும் மாவுச்சத்து, எண்ணெய், புரதம் என்று பிய்த்துப்போட்டு, நிறமும் மணமும் ஏற்றி மறுபடி ஒட்டவைத்த பண்டத்தை 'மிகைப்பதன உணவு' என்கிறேன், வேறு நல்ல சொல் கிடைக்கும்வரை.

உடம்புக்கு என்ன செய்கிறது? 2019இல் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்தார். இரண்டு வாரம் மிகைப்பதன உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் ஏறக்குறையச் சமம், வேண்டுமளவு சாப்பிடலாம். மிகைப்பதன வாரங்களில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், ஏறத்தாழ ஒரு கிலோ எடை ஏறியது. மற்ற வாரங்களில் அதே அளவு இறங்கியது. மென்மையான பண்டம், மெல்ல வேண்டியதில்லை, வேகமாக உள்ளே போய்விடுகிறது. சிறிய ஆய்வுதான். நீண்டகால ஆய்வுகள் இவ்வுணவைச் சர்க்கரை நோயோடும் இதய நோயோடும் தொடர்புபடுத்துகின்றன. எந்த வழியில் என்பதில் விவாதம் ஓயவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 கணக்கில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல்.

பதப்படுத்துவது யார் என்ற கேள்வி இந்தத் தாலுகாவுக்குப் புதுசில்லை. தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில்தான் ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தைக் கழித்தார் (மறைவு 1960). கைக்குத்தல் அரிசிக்காக வாதாடியவர். ஆலையில் தீட்டினால் தவிடோடு தயமின் போகும். கூடவே குத்திய பெண்களின் கூலியும் போகும். தணிக்கைக் கணக்கர் அல்லவா, இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதினார்.

அந்த ஏட்டில் உலக்கை பிடித்தவளின் இடுப்பு வலிக்குப் பத்தி இல்லை என்பது என் சண்டை. 'பாட்டி உணவு' பேசும் தோழர்களுக்கும் இது பொருந்தும், கோபித்துக்கொண்டாலும் சரி. இந்தக் கரிசலில் கம்பங்கூழ் ஆரோக்கிய உணவாக இருந்ததில்லை. கூலிக்காரர்களுக்குக் கிடைத்தது அது, நெல்லுச்சோறு பண்டிகைக்குத்தான்.

உலக்கையிலிருந்து விடுபட்டவள் இப்போது விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிறாள். பிள்ளை அழுதால் அஞ்சு ரூபாயைக் கையில குடுத்துட்டுப் போறா. அந்த இடைவெளியில்தான் பொட்டலம் நுழைகிறது. உபதேசம் முழுக்க அவளுக்குத்தான்: 'தாய்மார்களே, லேபிளைப் படியுங்கள்.' எதைப் படிப்பது? விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது சட்டம்; தமிழ் கட்டாயமில்லை. நடுவில் 621, 471 என்று எண்கள். 1965இல் இந்திக்கு எதிராகத் தெருவுக்கு வந்த நாம் இந்தப் பொடி எழுத்தைக் கண்டுகொள்ளவே இல்லை.

சமைக்கும் வேலையை வீட்டுக்கு வெளியே, ஆனால் ஆலைக்குப் போகாமல் வைக்க முடியுமா? 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது: உப்புமா, கிச்சடி, பொங்கல், சுடச்சுட. தொடங்கும்போது அது 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளையின் காலைப் பசியைப் பெட்டிக்கடைக்காரர் பார்த்துக்கொண்டார்.