பதினாலு பெரிதா, பதினைந்தாவது பெரிதா?



எதிரணித் தம்பி அழகாகப் பேசிவிட்டுப் போனார். கிறிஸ்தவ சமயத்தைச் சீர்திருத்த வந்தவர்களே தங்களுக்குள் முட்டிக்கொண்டார்கள், அவர்களிடம் மிஞ்சியது போட்டிதான் என்றார். முட்டிக்கொண்டார்கள், நான் இல்லேன்னு சொல்லலை. எதில் முட்டிக்கொண்டார்கள்? அதைப் பார்க்க வேண்டாமா?

1529-ஆம் ஆண்டு. ஜெர்மனியில் மார்பர்க் கோட்டை. பிலிப்பு என்ற சிற்றரசர் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைக்கிறார். ஒருவர் ஜெர்மனியின் மார்ட்டின் லூத்தர். மற்றவர் சுவிட்சர்லாந்தின் ஸ்விங்லி. அதுவும் ஒரு பட்டிமன்றந்தான் ஐயா! (சிரிப்பு) எடுத்துக்கொண்ட விஷயம் 15. பதினாலில் ஒத்துப்போய்விட்டார்கள். பதினைந்தாவதில் வந்தது வினை.

திருவிருந்தில் தரும் அப்பத்திலும் ரசத்திலும் இயேசுவின் உடலும் இரத்தமும் மெய்யாகவே இருக்கின்றன என்றார் லூத்தர். இல்லை, அவை அடையாளம், நினைவுகூருதல் என்றார் ஸ்விங்லி. கடைசியில் ஸ்விங்லி கண்கலங்கிக் கை நீட்டினார். லூத்தர் கை கொடுக்கவில்லை. இரண்டே வருஷம், 1531-இல் ஸ்விங்லி போர்க்களத்தில் மாண்டு போனார்.

நம்ம வீட்டிலே நடக்கலையா? ஒரு சாண் வரப்புக்காக அண்ணனும் தம்பியும் இருபது வருஷம் பேசாமல் இருக்கவில்லையா?

ஆனால் மீதியையும் கேளுங்கள். 1522-லேயே லூத்தர் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் தந்துவிட்டார். 1531-இல் ஸ்விங்லியின் சூரிச் நகரத்தார் முழு வேதாகமத்தை வெளியிட்டார்கள். அதில் புதிய ஏற்பாடு? லூத்தருடையதை எடுத்துத் தங்கள் வட்டாரப் பேச்சுக்குத் திருத்திக்கொண்டதுதான்! கை கொடுக்காதவர் புத்தகத்தைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்களே, ஏன்? ஏர் உழுகிறவனும் தன் தாய்மொழியில் வேதம் படிக்கணும் என்பது இரண்டு பேருக்கும் ஒரே ஆசை. (கைதட்டல்)

"சீமைக் கதை பொன்னேரிக்கு எதுக்கு?" என்பீர்கள். இங்கே பஸ் ஏறினால் பழவேற்காடு. அங்கே கோட்டை கட்டி வாழ்ந்த டச்சுக்காரர்கள் ஸ்விங்லி, கால்வின் வழிச் சபையார். சென்னை வேப்பேரியில் இருந்த பெப்ரிசியஸ் ஐயரோ லூத்தர் வழி. அவருக்குப் பண உதவி செய்தது லண்டனிலுள்ள ஆங்கிலிக்கன் சங்கம். 1758-இல் பிரெஞ்சுப் படை சென்னை மேல் பாய்ந்தபோது, தம் மக்களோடு ஐயர் ஓடி வந்த இடம் எது தெரியுமா? நம்ம பழவேற்காடு! டச்சுக்காரர்கள் இடம் கொடுத்தார்கள். பதினைந்தாவது விஷயம் அன்றைக்குக் குறுக்கே நிற்கவில்லை. தப்பிப் பிழைத்த அந்த மனிதர்தான் 1772-இல் தமிழில் புதிய ஏற்பாட்டையும், 1779-இல் தமிழ்-ஆங்கில அகராதியையும் அச்சில் தந்தார். அடைக்கலம் கிடைத்ததால் தமிழுக்கும் அல்லவா லாபம்!

மார்பர்க்கில் பிரிந்த இருவரும் மறுபடி சந்திக்கவே இல்லை. அதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது. உங்கள் வீட்டிலும் ஒரு பதினைந்தாவது விஷயம் இருக்கும். இன்று ராத்திரி மற்ற பதினாலை எண்ணிப் பாருங்கள்.

ஓங்கி நின்றது பொதுநோக்கமே என்று தீர்ப்பளிக்க நடுவரை வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)