விமானி ஆகப் போகிறவர் எந்தப் பத்திரிகை படிக்கலாம்?

அக்கா மகன் சி.பி.எல். பயிற்சியில் சேர்ந்திருக்கான். "மாமா, பைலட்டுங்க படிக்கிற மேகசின்ல எதுக்குச் சந்தா கட்டலாம்?"னு போன வாரம் கேட்டான். அவனுக்கு எழுதி அனுப்பினதைக் கொஞ்சம் விரிவாக்கி இங்கே போடுகிறேன். நான் விமானி இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். விபத்து அறிக்கைகளைப் பல வருஷமாகப் படித்து வருகிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். பறப்பது பற்றி உங்கள் இன்ஸ்ட்ரக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

முதலில் ஒரு விஷயம். விமானப் பத்திரிகை என்று கடையில் தொங்குவது எல்லாம் ஒரே ஜாதி இல்லை. மூன்று வகை இருக்கு.

முதல் வகை, தொழில் செய்தி. லண்டனில் 1909-ல் தொடங்கிய 'ஃப்ளைட்' (இன்று 'ஃப்ளைட் இன்டர்நேஷனல்'), அமெரிக்காவின் 'ஏவியேஷன் வீக்', நம்மூரில் 1974 முதல் வரும் 'வாயு', 'எஸ்.பி.'ஸ் ஏவியேஷன்' எல்லாம் இதில் அடங்கும். யார் எத்தனை விமானம் வாங்கினார்கள், எந்த எஞ்சினில் என்ன சிக்கல் என்பதெல்லாம் வரும். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவனுக்கு நல்லது. ஆனா காக்பிட்டில் உட்கார்ந்தவனுக்கு நேரடியாக உதவுவது குறைவு.

இரண்டாவது வகை, பறப்பவர்களுக்கான பத்திரிகை. 1927-ல் தொடங்கிய 'ஃப்ளையிங்', 1958 முதல் வரும் 'ஏ.ஓ.பி.ஏ. பைலட்' போன்றவை. இவற்றில் புது விமான விமர்சனங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் படிக்கணும், ஏன்னா அதே கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம் பக்கத்திலேயே இருக்கும். இவற்றின் உண்மையான சொத்து, விமானிகள் தங்கள் தவறைத் தாங்களே எழுதும் பத்திகள். 'ஃப்ளையிங்' இதழில் அப்படி ஒரு பத்தி 1939-லிருந்து வருகிறது.

மூன்றாவது வகை, பாதுகாப்பு வெளியீடு. பளபளப்பு இருக்காது. பல இலவசம். நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். காரணம் சொல்கிறேன்.

1974 டிசம்பர் 1. டி.டபிள்யூ.ஏ. 514 என்ற போயிங் 727 விமானம் வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்தது. 'அப்ரோச்சுக்கு அனுமதி' என்று கட்டுப்பாட்டு அறை சொன்னதை, 1,800 அடிக்கு இறங்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் மலை. 92 பேரும் போய்விட்டார்கள். விசாரணையில் தெரிந்ததுதான் கொடுமை. அதற்கு ஆறு வாரம் முன்பே யுனைடெட் விமானம் ஒன்று அதே இடத்தில், அதே குழப்பத்தில், மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்தில் சொன்னார்கள். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனத்து விமானிகளுக்கு அது போய்ச் சேரவில்லை.

இதற்குப் பிறகுதான் 1976-ல் நாசா நடத்தும் ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற அமைப்பு வந்தது. விமானி, கட்டுப்பாட்டாளர் யார் வேண்டுமானாலும் நடந்ததை எழுதலாம், பெயரை எடுத்துவிடுவார்கள். அதில் பொறுக்கியவற்றை 1979 முதல் 'கால்பேக்' என்ற மாத இதழாகத் தருகிறார்கள். சில பக்கம்தான், காசு கிடையாது. ஆஸ்திரேலியாவின் 'ஃப்ளைட் சேஃப்டி ஆஸ்திரேலியா'வும் இந்த ரகம்தான். நம் விமானப்படைக்கும் 'ஏரோஸ்பேஸ் சேஃப்டி' என்ற இதழ் உண்டு. படையின் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி 1954-லிருந்து நம்ம தாம்பரத்தில்தான் இருக்கிறது என்பது கூடுதல் தகவல்.

சரி, நல்ல கட்டுரையை எப்படிக் கண்டுபிடிப்பது? திருச்சி சம்பவத்தை எடுத்துக்குவோம். 2018 அக்டோபர் 12 அதிகாலை, துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737, 136 பேருடன் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு மேலே போய், மும்பையில் இறங்கியது. 'சுவரில் மோதிய விமானம்' என்பது செய்தி. விசாரணை அறிக்கையைப் படித்தால் வேறு கதை தெரியும். டேக் ஆஃப் ஓட்டத்தின்போது கேப்டன் இருக்கையின் முதுகுப் பகுதி பின்னால் சரிய, லீவரில் இருந்த கையும் பின்னால் போய், எஞ்சின் விசை குறைந்துவிட்டது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை. முதல் செய்தியில் ஒரு மாணவன் கற்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதில் இருக்கு: ஓட்டம் தொடங்கும் முன் இருக்கை பூட்டியிருக்கா என்று பார், ஓடும்போது எஞ்சின் முள்ளையும் பார். நாளைக்கு நீ என்ன செய்யணும்னு சொல்லாத கட்டுரை வெறும் பொழுதுபோக்குதான்.

வெளிநாட்டுப் பத்திரிகையை இங்கே படிக்கும்போது சில மொழிபெயர்ப்பு வேலைகள் உண்டு. அமெரிக்காவில் ஆல்டிமீட்டர் 29.92 அங்குலம், நமக்கு 1013 ஹெக்டோபாஸ்கல். அங்கே பார்வைத்தூரம் மைலில், இங்கே மீட்டரில். அங்கே டிரான்சிஷன் ஆல்டிடியூட் எல்லா இடத்திலும் 18,000 அடி, இங்கே அப்படி இல்லை. ஆகவே விதிகளை அந்த இதழ்களிலிருந்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு டி.ஜி.சி.ஏ. பரீட்சைக்குப் போகக் கூடாது.

அதே சமயம் 'நமக்குச் சம்பந்தமில்லை' என்று அவசரப்பட்டு தாண்டவும் கூடாது. ஐஸ் பிடிப்பது பற்றி அமெரிக்க இதழ்களில் நிறைய வரும். மீனம்பாக்கம் வெயிலில் இறக்கையில் எங்கே ஐஸ் என்று தோணும். ஆனால் கார்புரேட்டர் ஐஸ் வேறு விஷயம். பெட்ரோல் ஆவியாவதாலும் உள்ளே அழுத்தம் குறைவதாலும் காற்று சட்டென்று குளிர்ந்து, வெளியே 25 டிகிரி இருந்தாலும் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் உள்ளே பனி கட்டும். கடலோர ஊருக்கு இது முழுக்கப் பொருந்தும். செஸ்னா 152-ல் பழகுகிறவன் அந்தக் கட்டுரையை இரண்டு தடவை படிக்கணும்.

அக்கா மகனுக்கு நான் சொன்ன பட்டியல் இதுதான். மாதாமாதம் 'கால்பேக்', தவறாமல். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது நம் விமான விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கை ஒன்று, முழுசாக. காசு கொடுத்து வாங்குவதென்றால் இரண்டாம் வகையில் ஒன்றே ஒன்று. தொழில் செய்தி இதழ்களை நூலகத்தில் புரட்டினால் போதும்.

படிக்கும் முறையும் முக்கியம். சம்பவத்தில் சிக்கல் ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்து. நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நோட்டில் இரண்டு வரி எழுது. அப்புறம் மீதியைப் படி. உன் பதிலும் நடந்ததும் வேறுபட்டால், அந்தப் பக்கத்தை இன்ஸ்ட்ரக்டரிடம் எடுத்துட்டுப் போ. பயிற்சிக்கு வீட்டில் லட்சக்கணக்கில் கடன் வாங்கியிருக்காங்க. இந்த நோட்டு நாற்பது ரூபாய்.