காற்றோடு வரும் பூச்சிமருந்து!

2023 டிசம்பர் 26. நள்ளிரவு நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சு முட்டி, கண் எரிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். கடலுக்கு அடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்திருந்தது. காற்றுக்கு வேலி கிடையாது என்பதை வடசென்னைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால், லீவுக்கு ஊருக்குப் போகிறோம். பக்கத்து வயலில் மருந்து அடிக்கிறார்கள். நம் பிள்ளைகள் வரப்பில் விளையாடுகின்றன. "அது வயலுக்குத்தானே, நமக்கென்ன?" என்று இருந்துவிடுகிறோம். சரிதானா?

கேரளாவின் காசர்கோட்டைப் பாருங்கள். அங்கே முந்திரித் தோட்டங்களுக்கு 1970களிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். அது சுற்றியிருந்த வீடுகள் மீதும் கிணறுகள் மீதும் விழுந்தது. 2011-ல் சுப்ரீம் கோர்ட் அந்த மருந்துக்கே தடை போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2017-ல் உத்தரவிட்டது.

எவ்வளவு தூரம் போகும்?

எல்லாம் துளியின் அளவைப் பொறுத்தது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் மென்காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 அடி உயரத்திலிருந்து விழும் 400 மைக்ரான் துளி, 10 அடி தூரத்துக்குள் மண்ணுக்கு வந்துவிடும். 20 மைக்ரான் துளியோ 1,000 அடி தாண்டிப் போகும்! தலைமுடியின் கனத்தைவிடச் சிறிய துளி அது. கண்ணுக்கே தெரியாது.

ஊரில் என்ன சொல்லலாம்?

"விஷம் அடிக்கிறீங்களே" என்று சண்டைக்குப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். "மாமா, காத்துல போறது உங்க காசு" என்று சொல்லிப் பாருங்கள்... காதில் ஏறும்!

* இலை லேசாக அசைந்தால் அடிக்கலாம். கிளை ஆடினால் வேண்டாம். காற்று அடியோடு நின்றுபோன நேரமும் ஆகாது. புகைபோல மிதந்துகொண்டே இருக்கும்.

* புகை மாதிரி அடிக்கும் நாசில் வேண்டாம். பெரிய துளி விழும் நாசிலைப் போட்டு, அழுத்தத்தைக் குறைத்து, செடிக்குப் பக்கத்தில் பிடித்து அடிக்க வேண்டும்.

* மருந்து தன் மேல் வராதபடி, காற்றுக்குக் குறுக்காக நடக்க வேண்டும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி அவசியம்.

* வீடு, கிணறு, பள்ளிக்கூடம் பக்கம் இடைவெளி விட வேண்டும். அடிப்பதற்கு முன்பே அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், துணியை எடுப்பார்கள், தண்ணீர்க் குடத்தை மூடுவார்கள், குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்வார்கள்.

மேலே பட்டுவிட்டால்?

உடனே உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். வாந்தி, அதிக வியர்வை, எச்சில் ஒழுகுதல், மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவின் லேபிளைக் கையோடு கொண்டு போங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டரால் சரியான மாற்று மருந்தை உடனே கொடுக்க முடியும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பலகாரப் பையோடு நல்ல முகமூடியும் ஒரு ஜோடி கையுறையும் வாங்கிப் போங்களேன். மாமாவுக்கும் நல்லது, உங்கள் பிள்ளைக்கும் நல்லது!