காருக்கு மெருகேற்ற எந்த இயந்திரம், எந்தப் பேட்?

செம்மண் சாலையில் ஓடுகிற காருக்கு மெருகு எதற்கு என்று கெடா தோட்டப்புறங்களில் சிலர் கேட்பதுண்டு. பீடோங்கிலோ பாடாங் செராயிலோ பழைய காரை விற்கப் போனவருக்குப் பதில் தெரியும். சாயம் மங்கினால் விலையும் இறங்கிவிடும். சுங்கைப் பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களில் கார் கழுவும் கடை நடத்தும் இளைஞருக்கும் இது கூடுதல் வருமானம் தரும் வேலை. ஆனால், கருவி தவறினால் கெடுவது வாடிக்கையாளரின் கார்.

இன்றைய கார்களில் நிறச் சாயத்தின் மேல் கிளியர் கோட் எனும் நிறமற்ற பூச்சு உண்டு. அதன் கனம் ஏறக்குறைய 40 அல்லது 50 மைக்ரோன்தான். தலைமுடியைவிட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து சாயத்தைக் காப்பது அதுவே. மெருகேற்றுவது என்றால் கீறலை நிரப்புவதல்ல. கீறலைச் சுற்றியுள்ள பூச்சைச் சிறிது தேய்த்து எடுப்பது. எடுத்தது திரும்பி வராது. பூச்சு மிகவும் மெலிந்துவிட்டால் நாளடைவில் வெயிலில் உரியத் தொடங்கும். பிறகு சாயம் அடிப்பதுதான் வழி.

பட்டறையில் கிடக்கும் கிரைண்டரில் பேட்டை மாட்டிப் பார்ப்பது ஆபத்து. அது நிமிடத்திற்கு 10,000 சுற்றுவரை சுழலக்கூடியது. ரோட்டரி எனும் மெருகு இயந்திரம் சுமார் 600 முதல் 3,000 சுற்றுதான். அதையும் ஒரே இடத்தில் வைத்திருந்தால் சாயம் சூடேறிக் கருகும். கை பழகாதவருக்கு ஏற்றது டூவல் ஆக்‌ஷன் இயந்திரம். அதில் பேட் சுழன்றபடியே அசையவும் செய்யும். அதிகம் அழுத்தினால் சுழற்சி நின்றுபோகும். வேலை மெதுவாக நடக்கும், தவறும் மெதுவாகத்தான் நடக்கும்.

இயந்திரத்திற்குத் தாராளமாகச் செலவழிப்பவர்கள் பேட்டில் மிச்சம் பிடிப்பதுதான் வேடிக்கை. சாயத்தைத் தொடுவது பேட்டும் கம்பவுண்டும்தானே! கம்பளிப் பேட் வேகமாகத் தேய்க்கும், மெல்லிய கோடுகளையும் விட்டுச்செல்லும். அடுத்தது கடினமான ஃபோம். மென்மையான ஃபோம் கடைசிப் பளபளப்புக்கு. நிறத்தை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. ஒரு நிறுவனத்தின் ஆரஞ்சும் இன்னொன்றின் ஆரஞ்சும் ஒரே கடினமாக இருப்பதில்லை. இயந்திரத்தின் தட்டைவிடப் பேட் சற்று அகலமாக இருக்கட்டும். தட்டின் விளிம்பு பட்டால் காயம் ஆழமாகிவிடும். கம்பவுண்ட் அடைத்துப்போன பேட் சூட்டைக் கூட்டும் என்பதால் ஒரு காருக்கு 3, 4 பேட்டாவது கைவசம் வேண்டும்.

செம்மண் தூசியை நன்றாகக் கழுவிய பிறகே இயந்திரத்தைத் தொட வேண்டும். நிழலில், சிறிய இடத்தில், மென்மையான பேட்டில் தொடங்கிப் பார்ப்பது நல்லது. கீறல் போகாவிட்டால் மட்டுமே கடினமானது. கதவு விளிம்புகளில் பூச்சு மெல்லியது. பிளாஸ்டிக் பம்பரில் சூடு எளிதில் தணியாது.

பழைய கார்கள் சிலவற்றுக்குக் கிளியர் கோட்டே கிடையாது. அவற்றில் பேட்டில் நிறம் ஒட்டுவது இயல்பு. கிளியர் கோட் உள்ள காரில் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்த வேண்டும்; அந்த இடத்தில் பூச்சு தீர்ந்துவிட்டது.